லிஸ்ப் மொழியும் அயல் நூலகமும்

நிரல் எழுதப் பழகும் மாணவர் பலர் எம்மிடம் வந்து கூறும் குறை ஒன்றுண்டு. "ஐயா, என் கணினியில் இது நன்றாய் ஓடிற்று, நண்பன் கணினியில் தொடங்கும்போதே நின்றுவிட்டது" என்பதே அது. இக்குறையை நாமும் பட்டறிந்திருக்கிறோம். கோப்புகளைச் சுருக்கி வைக்கும் சிறு நிரலொன்றை லிஸ்ப் மொழியில் எழுதி, எமது லினக்ஸ் கணினியில் பன்முறை சோதித்து, பழுதொன்றும் இல்லையெனத் தேறி, மறுநாள் வகுப்பறைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த கணினியும் லினக்ஸே. ஆயினும் நிரல் முதற் படியிலேயே நின்றது. "நூலகத்தைத் திறக்க இயலவில்லை" என்னும் ஒரு வரியே திரையில் தோன்றிற்று. மாணவர் முன்னிலையில் நாணி நின்ற அந்த அரைமணி நேரமே இக்கட்டுரைக்கு வித்து.

தன் வீட்டில் நடந்த காரியம் பிறர் வீட்டிலும் அவ்வாறே நடக்கும் என்று எண்ணுதல் மனித இயல்பு. அவ்வெண்ணம் எங்கெங்கே தவறுகின்றது, அதனைத் திருத்தும் வழி யாது என்பவற்றை முறையாக ஆராய்வோம்.

1. லிஸ்பும் அதன் அயலாரும்

லிஸ்ப் மொழியை ஜான் மக்கார்த்தி என்னும் பேராசிரியர் 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் வகுக்கத் தொடங்கினார். அதனை விளக்கும் அவரது கட்டுரை 1960-இல் வெளிவந்தது. இன்றும் வழக்கிலுள்ள நிரல் மொழிகளுள் மிகப் பழையனவற்றுள் இது ஒன்று. காலப்போக்கில் பல கிளைகளாய்ப் பிரிந்த லிஸ்பை ஒருமைப்படுத்தும் முயற்சியின் பயனாகக் காமன் லிஸ்ப் தோன்றிற்று. அதன் அமெரிக்கத் தரநூல் 1994-இல் நிறைவேறியது.

அத்தரநூல் மிகப் பெரியது. எனினும், பிறமொழியில் எழுதப்பட்ட நூலகத்தை லிஸ்பிலிருந்து அழைக்கும் முறை யாது என்பதைப் பற்றி அதில் ஒரு விதியும் இல்லை. ஆதலின் லிஸ்ப் அமைப்பு ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வழக்கை வகுத்துக் கொண்டது. எஸ்பிசிஎல் ஒருவிதமாகவும், க்ளோஷர் சிஎல் வேறொருவிதமாகவும், லிஸ்ப்வொர்க்ஸ் மற்றொருவிதமாகவும் அயல் நூலகத்தை அழைத்தன. இவ்வேற்றுமையை நீக்கும் பொருட்டு எழுந்ததே சிஎஃப்எஃப்ஐ என்னும் பொது இடைமுகம். ஜேம்ஸ் பீல்மன், லூயிஸ் ஒலிவேரா ஆகியோர் அதனை ஆக்கினர். அதைக் கொண்டு ஒருமுறை எழுதிய அறிவிப்பு பல லிஸ்ப் அமைப்புகளுக்கும் பொருந்தும்.

லிஸ்ப் அமைப்புகளுக்கிடையே உள்ள வேற்றுமை இவ்வாறு பெரும்பாலும் தீர்ந்தது. இயங்குதளங்களுக்கிடையே உள்ள வேற்றுமையோ எழுதுவோனது பொறுப்பாகவே நின்றது. நம்மவர் இடறுவது இவ்விரண்டாவது படியிலேதான்.

2. பகிர்வு நூலகம் என்பது யாது?

ஷேர்டு லைப்ரரி என வழங்கும் பகிர்வு நூலகம், பல நிரல்களுக்கும் பொதுவான செயற்கூறுகளைத் தொகுத்து வைத்த ஒரு கோப்பாகும். கல்லூரி நூல் நிலையத்திலுள்ள அகராதியை இதற்கு உவமையாகக் கூறலாம். மாணவர் ஒவ்வொருவரும் அகராதியைத் தத்தம் குறிப்பேட்டில் எழுதி வைப்பதில்லை; வேண்டும்போது நூலகரிடம் கேட்டு ஒரே பிரதியைப் பலரும் பார்க்கின்றனர். அவ்வாறே, ஓடத் தொடங்கிய நிரல் தனக்கு வேண்டிய நூலகத்தை இயங்குதளத்திடம் பெயர் சொல்லிக் கேட்கின்றது. கேட்டதைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றித் தரும் பகுதியை ஏற்றி என்போம். அதுவே ஈண்டு நூலகர்.

யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த லினக்ஸிலும் மேக் ஓஎஸிலும் நூலகத்தைத் திறக்கும் கட்டளை டிஎல்ஓப்பன். அதனுள் ஒரு செயற்கூற்றின் இருப்பிடத்தை அறியும் கட்டளை டிஎல்சிம். விண்டோஸில் இவ்விரண்டிற்கும் ஈடானவை முறையே லோட்லைப்ரரி, கெட்பிராக்அட்ரஸ் என்பன. அயல் நூலகத்தை அழைக்கும் லிஸ்ப் அமைப்பு இறுதியில் இவற்றையே நாடுகின்றது. ஆதலின், கேட்கும் செயல் எங்கும் ஒன்றே. கேட்கும் பெயரே இடத்திற்கு இடம் வேறுபடுகின்றது.

3. ஒரே நூலகம், பல பெயர்

உதாரணமாக, இசட்லிப் என்னும் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். ழான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் என்னும் இருவர் ஆக்கி 1995-இல் வெளியிட்ட இந்நூலகம் தரவைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படுவது. பிஎன்ஜி வகைப் படங்களின் உட்சுருக்கம் இம்முறையைச் சார்ந்ததே.

இதன் பெயர் லினக்ஸில் லிப்இசட்.எஸ்ஓ.1 என்பதாம். ஈற்றிலுள்ள 1 என்னும் எண் அகராதியின் பதிப்பெண் போன்றது. பழைய பதிப்போடு பொருந்தாத மாறுதல் நேர்ந்தால் அவ்வெண் மாற வேண்டும் என்பது மரபு. மேக் ஓஎஸில் லிப்இசட்.1.டைலிப் என எண் நடுவில் நிற்கும். விண்டோஸில் இசட்லிப்1.டிஎல்எல் என்பது வழக்கம். அங்கு முன்னொட்டாகிய "லிப்" என்பதும் மறைந்துவிடுகின்றது. ஆகவே ஒரு பெயரை எழுதி ஈற்றெழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பார் கூற்றுப் பொருந்தாது.

எம் நிரல் வகுப்பறையில் நின்ற காரணத்தை இங்கே கூறலாம். நாம் எழுதிய பெயர் எண்ணில்லாத லிப்இசட்.எஸ்ஓ என்பது. லினக்ஸ் தொகுப்புகள் பலவற்றில் இந்த எண்ணில்லாப் பெயர், நிரல் ஆக்குவோருக்கென உள்ள தனிப் பொதியை நிறுவினால் மட்டுமே தோன்றும். எமது கணினியில் அப்பொதி இருந்தது; வகுப்பறைக் கணினியில் இல்லை. ஆயினும் இசட்லிப் நூலகம் அங்கே இல்லாமற் போகவில்லை; லிப்இசட்.எஸ்ஓ.1 என்னும் பெயருடன் இருக்கவே இருந்தது. வேண்டிய பொருள் எதிரே இருக்க, தவறான பெயரைச் சொல்லி இல்லையென்று திரும்பினோம்.

எண்ணில்லாப் பெயரால் வேறோர் இடரும் உண்டு. கணிதச் செயற்கூறுகள் அடங்கிய லிப்எம் என்பதற்கு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் எண்ணில்லாப் பெயருடைய கோப்பு நூலகமே அன்று. தொகுப்பு வேளையில் இணைப்பிக்கு வழிகாட்டும் சில எழுத்து வரிகளே அதில் உள்ளன. அதனை ஓடும் நிரல் திறக்க முயன்றால், கோப்பின் தலைப்புப் பிழையென ஏற்றி மறுத்துவிடும். அங்கு லிப்எம்.எஸ்ஓ.6 எனப் பதிப்பெண்ணோடு கேட்டலே முறை.

4. அறிவிப்பை எழுதும் முறை

சிஎஃப்எஃப்ஐ இடைமுகத்தில் டிஃபைன்-ஃபாரின்-லைப்ரரி என்னும் அமைப்பால் நூலகத்தின் பெயர்களை அறிவித்து, யூஸ்-ஃபாரின்-லைப்ரரி என்பதால் அதனை ஏற்றுகின்றோம். அறிவிப்பின் வடிவம் விளங்குமாறு அதனைத் தமிழ்ச் சொற்களால் எழுதிக் காட்டுவோம்:

(அயல்நூலகம்-வரையறு இசட்லிப்
  (:டார்வின் (:அல்லது "லிப்இசட்.1.டைலிப்" "லிப்இசட்.டைலிப்"))
  (:யூனிக்ஸ் (:அல்லது "லிப்இசட்.எஸ்ஓ.1" "லிப்இசட்.எஸ்ஓ"))
  (:விண்டோஸ் "இசட்லிப்1.டிஎல்எல்")
  (பிற (:இயல்பு "லிப்இசட்")))

இதில் கவனிக்கத்தக்கவை மூன்று.

முதலாவது, கிளைகளின் வரிசை. டார்வின் என்பது மேக் ஓஎஸின் அடித்தளப் பெயர். எஸ்பிசிஎல் போன்ற அமைப்புகள் மேக் ஓஎஸில் ஓடும்போது டார்வின், யூனிக்ஸ் என்னும் இரண்டு அடையாளங்களும் உண்மையாகும். சிஎஃப்எஃப்ஐ மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் கிளையை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அக்கிளை தோற்றால் அடுத்த கிளைக்கு இறங்காது. ஆகவே யூனிக்ஸ் கிளையை முன்னே வைத்தால் மேக் ஓஎஸிலும் எஸ்ஓ கோப்பையே தேடி ஏமாறும். சிறப்பை முன்னும் பொதுவைப் பின்னும் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, "அல்லது" என்னும் பட்டியலின் வரிசை. இதில் ஒன்று தோற்றால் அடுத்தது முயலப்படும். பதிப்பெண்ணுடைய பெயர் முன் நிற்றல் வேண்டும். ஏனெனில் நாம் எப்பதிப்பை நோக்கி எழுதினோமோ அதனையே அது கேட்கும். எண்ணில்லாப் பெயர் கடைசித் துணையாக நிற்கலாம்.

மூன்றாவது, "இயல்பு" என்னும் சொல். இது கொடுத்த பெயரோடு அந்தந்தத் தளத்திற்குரிய ஈற்றை ஒட்டிக் கேட்கும். எளிய வழியே ஆயினும், பதிப்பெண்ணை இது அறியாது; விண்டோஸில் "லிப்" முன்னொட்டு வேண்டுமா வேண்டாவா என்பதையும் அறியாது. ஆதலின் இதனை நம்பி மற்றக் கிளைகளை விடுதல் கூடாது.

5. அலமாரியை நாமே தேடலாகாது

சிலர், "நூலகக் கோப்பு இன்ன அடைவில் உள்ளதா என்று முதலில் நாமே பார்த்து, இருந்தால் மட்டும் ஏற்றுவோம்" என்று எழுதுவர். முன்னெச்சரிக்கை போலத் தோன்றும் இவ்வழக்கம் பிழைக்கு இடமாகும்.

2020-இல் வெளிவந்த மேக் ஓஎஸ் பதினொன்றாம் பதிப்பு முதல், தளத்தோடு வரும் நூலகங்கள் தனித்தனிக் கோப்புகளாக வட்டில் இல்லை. அவையனைத்தும் ஒரே தொகுப்பினுள் சேமிக்கப்பட்டுள்ளன. அடைவைத் திறந்து பார்ப்போன் "லிப்இசட் இங்கில்லை" என்பான். அதே பெயரை ஏற்றியிடம் கேட்போனுக்கு அது உடனே கிடைக்கும். அலமாரியில் காணாத நூலை நூலகர் உள்ளறையிலிருந்து எடுத்துத் தருவது போல்வது இது. அலமாரியைப் பார்த்துத் திரும்பியவனே ஏமாந்தவன்.

முழுப் பாதையை நிரலில் பதித்து வைப்பதும் இத்தகையதே. ஹோம்புரூ என்னும் பொதி நிறுவி இன்டெல் வகை மேக் கணினிகளில் நூலகங்களை ஓரிடத்தில் வைத்தது. 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறியபின், அப்புதுக் கணினிகளில் அவற்றிற்கு வேறிடம் அமைந்தது. பழைய பாதையைப் பதித்த நிரல்கள் ஒருங்கே நின்றன. தேடும் இடங்களை மிகுதிப்படுத்த வேண்டின், அதற்கெனச் சிஎஃப்எஃப்ஐ வைத்துள்ள அடைவுப் பட்டியலில் அவற்றைச் சேர்த்தலே தக்கது. இடம் மாறினும் நிரலின் உட்பகுதியைத் தொட வேண்டியதில்லை.

விண்டோஸில் பயன்படும் எளிய வழி யாதெனின், நிரல் உள்ள அடைவிலேயே நூலகக் கோப்பையும் வைத்து வழங்குதல். அங்கு இயல்பான தேடலில் நிரலின் அடைவே தள அடைவுகளுக்கு முன்னே பார்க்கப்படும். ஒன்று மறக்கலாகாது: லிஸ்ப் நிரலை எழுதிப் பழகுங்கால் ஓடுவது லிஸ்ப் அமைப்பே ஆதலின், அவ்வேளையில் "நிரலின் அடைவு" என்பது லிஸ்ப் அமைப்பின் அடைவேயன்றி நமது கோப்பிருக்கும் அடைவன்று.

6. கதவு திறந்தபின்னும் கவனம் வேண்டும்

நூலகம் ஏறிவிட்டது என்று மகிழ்ந்திருக்கையில் மற்றொரு வேற்றுமை மறைந்து நிற்கும். சி மொழியில் "லாங்" என்னும் எண்வகை 64-பிட்டு லினக்ஸிலும் மேக் ஓஎஸிலும் 8 பைட்டு அளவினது. 64-பிட்டு விண்டோஸிலோ 4 பைட்டே. இசட்லிப் நூலகத்தின் செயற்கூறுகள் பல இவ்வகை எண்ணையே கொள்கின்றன. சுருக்கும் செயற்கூறு, விளைந்த தரவின் நீளத்தை நாம் காட்டும் இடத்தில் இவ்வகை எண்ணாகவே எழுதுகின்றது.

விண்டோஸில் எழுதிப் பழகியவன் அதற்கு 4 பைட்டு இடமே ஒதுக்கி, அந்நிரலை லினக்ஸுக்குக் கொண்டு செல்வானாயின், நூலகம் 8 பைட்டு எழுதி அடுத்த இடத்தையும் அழித்துவிடும். மறுதலையாக, 8 பைட்டு ஒதுக்கியவன் விண்டோஸில் கீழ்ப்பாதி மட்டும் எழுதப்பெற்று, மேற்பாதியில் பழைய குப்பை நிற்கக் காண்பான். இரண்டிலும் பிழைச்செய்தி தோன்றுவது உறுதியன்று, விடையே வழுவாகும். நின்றுபோகும் நிரலினும் பொய்யுரைக்கும் நிரல் கொடிது. மருந்து எளிது: எண்வகையை "64-பிட்டு எண்" என்று அளவால் எழுதாமல், "குறியிலா லாங்" என்று சி மொழியின் பெயராலேயே அறிவித்தல். அளவை அந்தந்தத் தளத்திற்கேற்பச் சிஎஃப்எஃப்ஐ அறிந்து கொள்ளும்.

சோதனைக்கு ஒரு வழி கூறுவோம். இசட்லிப் நூலகத்தில் சிஆர்சி32 என்னும் செயற்கூறு உண்டு. 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களைத் தொடர்ந்தெழுதிய ஒன்பது எழுத்துச் சரத்தை ஆஸ்கி குறியீட்டில் அதற்குக் கொடுத்து, தொடக்க மதிப்பைச் சுழியாக வைத்தால், விடை 3421780262 என வருதல் வேண்டும். மூன்று தளங்களிலும் இதே எண் வருமாயின், நூலகம் ஏறியது, செயற்கூறு கிடைத்தது, விடை மீண்டது என்னும் மூன்றும் ஒருங்கே மெய்ப்படும்.

7. உருவத்தைச் சேமிக்குங்கால்

ஓடிக்கொண்டிருக்கும் நினைவகம் முழுவதையும் ஓர் உருவமாகக் கோப்பில் சேமித்து, பின்னர் அந்நிலையிலிருந்தே தொடங்குதல் பல லிஸ்ப் அமைப்புகளின் தனிச்சிறப்பு. நிரலைப் பிறர்க்கு வழங்க இதுவே பலர் கையாளும் வழி. ஆனால் அயல் நூலகம் அவ்வுருவத்தின் உள்ளே அடங்குவதில்லை. எஸ்பிசிஎல், தான் ஏற்றியிருந்த நூலகங்களின் பெயர்களை நினைவில் வைத்து, உருவம் மீண்டும் எழும்போது அவற்றைத் திறக்க முயலும். நம் கணினியின் முழுப் பாதை அப்பெயரில் புகுந்திருந்தால், பிறர் கணினியில் நம் நிரலின் முதல் வரி ஓடுமுன்னரே இடர் தோன்றும்.

ஆதலின், சேமிக்குமுன் அயல் நூலகங்களை மூடிவிட்டு, நிரல் தொடங்கும் வேளையில் புதிதாய் ஏற்றுமாறு அமைத்தல் நன்று. எவ்வூரில் இருக்கிறோம் என்பதை எழுந்தவுடன் கேட்டறிய வேண்டுமேயன்றி, உறங்கிய ஊரின் பெயரையே சொல்லிக் கொண்டிருத்தல் தகாது.

8. பிழைச்செய்தியைப் படிக்கும் வகை

"கோப்புக் கிடைக்கவில்லை" என்னும் செய்திக்குப் பொருள் பல. விண்டோஸில் 126 என்னும் பிழையெண், கேட்ட நூலகம் இல்லை என்பதைக் குறிக்கலாம்; அந்நூலகம் கண்ணெதிரே இருந்தும், அது தான் சார்ந்திருக்கும் வேறொரு நூலகம் இல்லை என்பதையும் குறிக்கலாம். 193 என்னும் எண் தோன்றினால், 64-பிட்டு லிஸ்ப் 32-பிட்டு நூலகத்தைத் திறக்க முயன்றதோ என்று முதலில் ஐயுறுக. லினக்ஸில் இந்நிலை "தவறான ஈஎல்எஃப் வகுப்பு" எனக் கூறப்படும். இவ்விடங்களில் பெயரை மாற்றி மாற்றி எழுதுவதால் பயனில்லை, பொருளே வேறு.

நூலகம் ஏறாதபோது சிஎஃப்எஃப்ஐ நிரலை உடனே கொன்றுவிடுவதில்லை. லிஸ்பின் வழக்கப்படி இரண்டு வழிகளை முன்வைக்கின்றது: மீண்டும் முயல்க என்பது ஒன்று, வேறொரு நூலகப் பெயர் தருக என்பது மற்றொன்று. வகுப்பறையில் நின்ற அன்று, மாணவர் ஒருவர் இரண்டாம் வழியைச் சுட்டிக்காட்டினார். லிப்இசட்.எஸ்ஓ.1 என்று நாம் தட்டியவுடன் நிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆசிரியர் மறந்ததை மாணவர் கண்டார். அதில் எமக்கு வருத்தமில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். அந்தந்தத் தளத்தின் வழக்குப் பெயரைப் பதிப்பெண்ணோடு சொல்லுக. சிறப்புக் கிளையை முன் வைக்க. இருப்பிடத்தை நாமே தேடாது ஏற்றியிடம் கேட்க. எண்வகைகளைச் சி மொழியின் பெயரால் அறிவிக்க. உருவத்தைச் சேமிக்குமுன் மூடி, எழுந்தபின் திறக்க. இவ்வளவும் செய்தபின், நிரல் ஆக்குவோருக்குரிய பொதிகள் நிறுவப்படாத வேற்றுக் கணினி ஒன்றில் அதனை ஓட்டிப் பார்க்க.

இவற்றுள் கடையிற் கூறியதே தலையாயது. எழுதியவன் கணினி ஒருபோதும் நடுநிலைச் சான்றாகாது. அவனறியாமல் அவனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். நம் நிரலை நம்பிப் பெறுவோர் லிஸ்பை அறியாதவராயிருக்கலாம். நூலகம், ஏற்றி என்னும் சொற்களையே கேளாதவராயிருக்கலாம். அவர் வீட்டில் அது தடையின்றி எழுந்து ஓடும் நாளே, நாம் எழுதிய நிரல் முற்றுப்பெற்ற நாள். அதுவரை அது நம் மேசையில் கிடக்கும் கைப்படியே ஆகும்.